மழையும் வேலியும்

பொதியமலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் தூரம் ஓடி, புன்னைக்காயலின் அருகே கடலொடு கலக்கும் பொருநையாற்றின் கரையிலே திருக்கோயில் இல்லாத ஊரைக் காண்டல் அரிது. மலையடிவாரத்தில் பாபநாசநாதர் எழுந்தருளியிருக்கின்றார். ஆறு கீழ்நோக்கிச் செல்லச் செல்ல நவகைலாயங்களும் நவதிருப்பதிகளும் அதன் இரு கரையிலும் அணி செய்கின்றன. இவற்றிற்கெல்லாம் நடுநாயகமாக விளங்குவது நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் அருள் புரியும் திருநெல்வேலி. தாமிரசபையும் இசைத்தூண்களும் அத்திருக்கோயிலின் பெருமையை நாடெங்கும் பரப்பின. ஆயினும் அவ்வூரின் பெயருக்குக் காரணமாயிருப்பது சபையன்று, தூணுமன்று. ஒரு நாள் பெய்த மழையே ஆகும்.

மழையைப் பற்றிய தல வரலாறுகள் நம் நாட்டில் பலவுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை மழை பெய்யாத துன்பத்தையும், இறைவன் அருளால் மழை பெய்த இன்பத்தையும் கூறுவன. நெல்லைத் தலத்தின் வரலாறோ பெய்த மழையினின்றும் நெல்லைக் காத்த கதையைக் கூறுகின்றது. வறண்ட நிலத்திலே திடீரென வந்த பெருமழை அருளாகவும் இருந்தது, அச்சமாகவும் இருந்தது. அவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்துத் தன் பெயரையே அமைத்துக்கொண்ட ஊர் திருநெல்வேலி. அந்நினைவின் பொருளை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டிய காலம் வந்திருக்கின்றது.

ஊரின் பெயர்

முன்னாளில் மூங்கிற் காடாக இருந்தமையால் வேணுவனம் என்று பெயர் பெற்றிருந்த இத்தலத்திலே வேதசன்மர் என்னும் அந்தணர் வாழ்ந்தார். இறைவனுக்கு நாள்தோறும் திருவமுது படைத்தலையே தம் வாழ்வின் பயனாகக் கொண்டவர் அவர். அவர் காலத்தில் நாட்டிலே வறுமை வந்து புகுந்தது. தம்மிடமிருந்த பொருளெல்லாம் தீர்ந்தபின்பும் அவர் திருப்பணியை விட்டாரில்லை. வீடு வீடாகச் சென்று நெல்லை யாசித்துப் பெற்று, அதனைக் குத்தி அரிசியாக்கி நிவேதனம் செய்து வந்தார்.

ஒரு நாள் அவ்வாறு பெற்ற நெல்லைச் சந்நிதியின் முன்னே வெயிலிற் பரப்பிவிட்டு, பொருநையில் நீராடச் சென்றார். அவர் நீராடிக்கொண்டிருக்கையில் வானம் இருண்டது, பெருமழை பெய்யலாயிற்று. அன்றைய நிவேதனத்துக்கு அந்நெல்லையன்றி வேறு நெல் இல்லை. உள்ளம் பதைக்க அவர் ஓடி வந்தார். வந்து கண்ட காட்சி அவரை வியப்பில் ஆழ்த்தியது. நெல் கிடந்த இடத்தைச் சுற்றிலும் மழைநீர் வேலி கட்டியதுபோல் நின்றது; உள்ளே நெல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. செய்தி மன்னனுக்கு எட்டியது. இராமபாண்டியன் நேரில் வந்து கண்டு, நெல்லுக்கு வேலியிட்டுக் காத்த பெருமானை நெல்வேலிநாதர் என்று போற்றினான். அன்று முதல் ஊருக்கும் அதுவே பெயராயிற்று என்பது தல வரலாறு.

நெற்கழனிகள் வேலிபோலச் சூழ்ந்திருந்தமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்று உரைப்பாரும் உளர். எக்காரணத்தைக் கொள்ளினும் பெயர் மிகப் பழமையானது. ஏழாம் நூற்றாண்டில் இத்தலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர் திருநெல்வேலி என்றே இதனைக் குறிக்கின்றார். இன்றும் தைப்பூசத் திருவிழாவிலே, நெல்லுக்கு வேலியிட்ட நிகழ்ச்சி திருக்கோயிலில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்பெறுகின்றது. அது நிகழும் தை மாதம், பெருமழைக் காலம் ஓய்ந்து, பிசான நெல் வயலில் முதிரத் தொடங்கும் காலம் என்பது கருதத்தக்கது.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. பஞ்சத்தால் வாடிய நாட்டுக்கு மழை எவ்வளவு இன்றியமையாதது என்பதை வேதசன்மர் அறியாதவரல்லர். ஆயினும் அம்மழை பெய்தபொழுது அவர் மகிழ்ந்து நிற்கவில்லை. நெல்லை நினைத்து ஓடினார். இறைவனும் மழையை நிறுத்தினான் அல்லன். பெய்யவிட்டான், நெல்லையும் காத்தான். மழையும் வேண்டும், வேலியும் வேண்டும் என்பதே அவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

இரு பருவம்

இவ்வுண்மை இந்நாட்டிலே ஏன் இத்துணை ஆழமாக வேரூன்றிற்று என்பதை அறியவேண்டுமாயின், பொருநை நாட்டில் மழை பெய்யும் முறையை அறிதல் வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களிலே தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டி வருகின்றது. மலையிலே மழை கொட்டுகின்றது. குற்றாலத்தில் சாரல் வீசுகின்றது. ஆனால் மலையைக் கடந்து சமவெளியை அடையும்போது அக்காற்று நீரை இழந்து வெறுங்காற்றாகி, புழுதியை வாரி வீசுகின்றது. சமவெளியினர் அக்காலத்தில் பெறும் நீரெல்லாம் ஆறு கொணர்ந்து தருவதேயாம். அந்நீரைக் கொண்டு விளைவது கார் நெல். ஐப்பசி முதல் மார்கழி வரையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றோ கடலிலிருந்து வந்து சமவெளியையும் மலையையும் ஒருங்கே நனைக்கின்றது. குளங்கள் பெருகுவது அப்பொழுதுதான். அந்நீரைக் கொண்டு விளைவது பிசான நெல். இரு பருவத்தின் நீரையும் பெறும் பேறு தமிழ்நாட்டில் மிகச் சில ஆறுகளுக்கே வாய்த்தது. பொருநையை வற்றாத ஆறு என்று முன்னோர் போற்றியதன் காரணமும் இதுவே.

இப்பேற்றின் தொன்மைக்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த சிவகளையில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றிலே நெல்லும் உமியும் இருந்தன. அவற்றைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்தது. இம்முடிவு 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்னர் பொருநைக் கரையில் வாழ்ந்தோர், இறந்தவர்க்குரிய தாழியிலும் நெல்லை வைத்தனர். இந்நாட்டில் நெல்லின்பால் மக்கள் கொண்ட மதிப்பு அத்துணைப் பழமையானது.

வற்றாத ஆறு உடைய நாடாயினும் வறட்சி அறியாத நாடன்று. வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிடின் சமவெளியினர் அடுத்த ஐப்பசி வரையில் காத்திருத்தல் வேண்டும். 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் முன்னோர் கண்டனர். நம் காலத்திலே 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை, இயல்பில் பாதியளவும் பெய்யாமல் பொய்த்தது. 2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குட்பட்டவை என்று அரசு அறிவித்தது. இத்தகைய காலங்களில் குளத்தின் அடிமண் வெடித்துப் பிளக்கும். கரை காய்ந்து இறுகி, பின்னர்க் கீறல் விடும். எலியும் நண்டும் அதில் வளை தோண்டும். நீர்வரத்துக் கால்களில் முள்மரங்கள் மண்டும். நீர் இல்லாத குளத்தின் கரையை யார் நினைப்பர்? வறட்சி பயிரை மட்டும் அழிப்பதன்று. கரையைப் பேணவேண்டும் என்னும் நினைவையும் அழித்துவிடுகின்றது. நெடுநாள் வறட்சிக்குப்பின் வரும் குளிர்காலப் பெருமழை அச்சத்திற்குரியதாவது இதனாலேயே. ஆவலோடு எதிர்நோக்கிய விருந்தினர் வந்து கதவைத் தட்டும்போது, வீடு வரவேற்க ஆயத்தமாக இருப்பதில்லை.

வேண்டியதும் அஞ்சியதும்

மழையை வேண்டிய வாய், அம்மழை மிகும்போது போதும் என்று வேண்டவும் நேரும் என்பதை அருளாளர் பலர் அறிந்திருந்தனர். சோழநாட்டுத் திருப்புன்கூரில் நிகழ்ந்த அற்புதம் ஒன்றைச் சைவர் அனைவரும் அறிவர். மழையின்றி வாடிய அவ்வூரார், மழை பெய்யுமாயின் பன்னிரு வேலி நிலத்தை இறைவனுக்குத் தருவதாகச் சுந்தரமூர்த்தி நாயனாரிடம் கூறினர். மழை பெய்தது, வெள்ளம் பெருகும் அளவுக்குப் பெய்தது. அதனை நிறுத்தியருள வேண்டும் என்று மீண்டும் வேண்டி, மேலும் பன்னிரு வேலி நிலத்தை அவ்வூரார் அளித்தனர். நாயனார் இதனைத் தம் பதிகத்திலேயே குறித்துள்ளார்.  மழைக்குக் கொடுத்த நிலத்தின் அளவும் அது நிற்பதற்குக் கொடுத்த நிலத்தின் அளவும் ஒன்றே என்பதை நோக்குக. இன்றும் மழை வேண்டித் திருக்கோயில்களில் ஓதப்பெறும் பதிகங்களுள் இத்திருப்புன்கூர்ப் பதிகமும் ஒன்றாகும்.

பொருநைக் கரை வைணவத் தலங்களிலும் இக்கருத்து உண்டு. நவதிருப்பதிகளுள் ஒன்றாகிய தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதர் எழுந்தருளியிருக்கின்றார். மழைக்கு அதிபதியாகிய வருணன், தான் இழந்த பாசாயுதத்தை மீண்டும் பெறுவதற்காக வழிபட்ட தலம் இது என்பது ஐதிகம். பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வாடிய தன் நாட்டுக்காக விதர்ப்ப மன்னன் ஒருவன் இங்கு வந்து வேண்டி மழை பெற்றான் என்றும் கூறுவர். மழைக்கு இறைவனாகிய வருணனே தன்னினும் மேலான ஒருவனைப் பணிந்து நின்றான் என்பதன் கருத்து, மழையின் ஆற்றலும் ஓர் ஒழுங்குக்கு உட்படவேண்டும் என்பதே. மார்கழி நான்காம் நாள் வைணவத் திருக்கோயில்களில் ஓதும் ஆண்டாள் பாசுரமும் மழையை வேண்டுவதே. அங்கும் வேண்டப்படுவது உலகம் வாழ்வதற்குரிய மழையாகும்.

மனிதர் இட்ட வேலி

வேதசன்மரின் நெல்லுக்கு இறைவன் வேலியிட்டான். அவ்வருளை அறிந்த மக்கள் தம்மால் இயன்ற வேலியைத் தாமும் இட்டனர். அவ்வேலிகளே பொருநையின் அணைக்கட்டுகளும் கால்களும் குளங்களும் ஆகும்.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே வரிசையாக அமைந்துள்ளன. இவற்றுள் கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. ஏனைய ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்களால் சுமார் 86,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகின்றது. இவ்வணைக்கட்டுகளின் அமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆற்றை மறித்து நிறுத்தும் உயர்ந்த மதில்கள் அல்ல அவை, தாழ்ந்த கற்கட்டுகள். நீர் குறைந்த காலத்தில் அவை நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்திக் காலுக்குள் செலுத்தும். வெள்ளக் காலத்தில் நீர் அவற்றின் தலைமேல் ஏறிக் கடந்து செல்லும். ஆற்றோடு போரிடாமல் ஆற்றைப் பயன்கொள்ளும் முறை இது.

கன்னடியன் கால் தோன்றிய வரலாற்றை முதியோர் சுவைபடக் கூறுவர். கன்னட நாட்டிலிருந்து வந்த அந்தணர் ஒருவர் மன்னனிடமிருந்து பெரும்பொருளைத் தானமாகப் பெற்றார். அதனை எவ்வறத்திற் செலவிடுவது என்று அகத்திய முனிவரிடம் வினவினார். ஒரு பசுவின் பின்னே செல்லுமாறு முனிவர் பணித்தார். பசு நடந்த வழியே கால் வெட்டப்பட்டது. அது படுத்த இடங்களில் குளங்கள் தோண்டப்பட்டன. நீர் விட்ட இடங்களில் மடைகள் அமைக்கப்பட்டன. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவிப் பக்கத்து வயல்களுக்கு நீரூட்டும் கால் இவ்வாறு தோன்றியது என்பர். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அறிந்து அதன் போக்கிலேயே வெட்டிய கால் என்பதனைப் பசுவின் கதை அழகுற உணர்த்துகின்றது. பெற்ற பொருளைத் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்லாமல் பிறர் வயலுக்கு நீராக மாற்றிய அறமே அக்கதையின் உயிராகும்.

கால்கள் குளங்களை நிரப்பும். மேற்குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தை அடையும். அதன் மறுகால் அதனையடுத்த குளத்தை அடையும். மழை எவ்வளவு பெய்யினும் ஒரே இடத்தில் பாயாது படிப்படியாகத் தங்கிச் செல்லும் ஏற்பாடு இது. வெள்ளத்துக்கு வேலியும் இதுவே; வறட்சிக்குச் சேமிப்பும் இதுவே. கரையில் ஓரிடம் உடைந்தால் கீழுள்ள குளங்கள் யாவும் துன்புறும். ஆதலால் கரையைப் பேணுதல் ஊர் முழுவதற்கும் பொதுக்கடனாயிற்று. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் அம்முறை தளர்ந்தது. கரை உடையும் காலத்தில் ஊராரைக் கட்டாயமாகப் பணிக்கு அழைக்க 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. தாமே உவந்து செய்த பணியைச் சட்டத்தால் செய்விக்கவேண்டிய நிலை வந்தது வருந்தத்தக்கதே. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் அப்பழம்பெயராலேயே குளங்களைச் சீர்திருத்தும் திட்டத்தைத் தொடங்கியது.

பின்னாளில் மலையிலே பெரிய அணைகள் எழுந்தன. பாபநாசம் அணை 1944ஆம் ஆண்டிலும், மணிமுத்தாறு அணை 1958ஆம் ஆண்டிலும், சேர்வலாறு அணை 1986ஆம் ஆண்டிலும் பயனுக்கு வந்தன. இவை வந்தபின்பும் குளங்களின் தேவை குறையவில்லை. அணைக்கு மேலே பெய்யும் மழையை அணை காக்கும். அணைக்குக் கீழே சமவெளியிற் பெய்யும் மழையைக் காப்பவை குளங்களே.

வெள்ளத்தால் மக்கள் படும் இடரைப் போக்கிய தனி வள்ளலும் இந்நாட்டில் இருந்தார். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்க முற்காலத்தில் ஓடமே துணை. வெள்ளக் காலத்தில் அது உயிருக்கு இறுதியாகவும் முடியும். அந்நிலை கண்டு இரங்கிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொண்டு பாலம் அமைத்தார். 1843ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

மார்கழி முதல் நாள்

இத்தகைய வேலிகளையுடைய பொருநை நாட்டுக்கு நம் காலத்தில் ஒரு பெருஞ்சோதனை வந்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 1901ஆம் ஆண்டு முதலாகக் கணக்கிட்ட ஆகஸ்டு மாதங்கள் எல்லாவற்றுள்ளும் இந்தியாவில் மழை மிகக் குறைந்ததாக இருந்தது. அக்டோபரில் தொடங்கிய வடகிழக்குப் பருவமழையும் முதல் மாதத்தில் தமிழ்நாட்டில் வலுக்குன்றியே காணப்பட்டது. வானத்தை நோக்கியிருந்தோர் மழையை விரும்பியது இயல்பே.

சோபகிருது வருஷம் மார்கழி முதல் நாள், 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. திருக்கோயில்களில் வைகறைப் பூசையும் திருவெம்பாவை, திருப்பாவை ஓதுதலும் தொடங்கும் புண்ணிய நாள். அன்று திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. மறுநாட்காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழைக்கு மேலான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளிற் பெய்தது. மலையிற் பெய்த மழை ஆற்றின் வழியே வந்தது. சமவெளியிற் பெய்த மழை குளங்களின் வழியே வந்தது. இரண்டும் ஒன்று சேர்ந்தன. குளங்கள் உடைந்தன. ஏரலும் ஆழ்வார்திருநகரியும் தென்திருப்பேரையும் வெள்ளத்தாற் சூழப்பட்டன. உயிரும் வீடும் கால்நடையும் பயிரும் இழந்தோர் பலர்.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் இருப்புப்பாதையின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள் அவ்வூரிலே அகப்பட்டுக்கொண்டனர். அவர்களுள் பலர் முருகப்பெருமானைத் தரிசித்துத் திரும்பிய அடியார்கள். வெளியுலகத் தொடர்பு அற்றிருந்த அந்நேரத்தில், அருகிலுள்ள புதுக்குடி மக்கள் அவர்களுக்கு உணவு சமைத்து அளித்துப் பசி தீர்த்தனர். தம் வீட்டிலும் வயலிலும் வெள்ளம் நின்ற வேளையில் பிறர் பசியை நினைத்த அவ்வூராரின் செயலை எவ்வளவு போற்றினும் தகும். கரைகள் உடைந்த அவ்விரவிலும் அறம் என்னும் வேலி உடையவில்லை.

இத்தகைய பெருவெள்ளம் முதன்முறையாக வந்ததன்று. 1992ஆம் ஆண்டு நவம்பரில் மலைமேற் பெய்த பெருமழை ஆற்றங்கரை ஊர்களை அலைக்கழித்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரிலும் பொருநை மீண்டும் பெருவெள்ளங் கண்டது. நெல்லுக்கு வேலியிட்ட பெருமான் இவ்வூர்களுக்கு வேலியிடாதது ஏன் என்று துன்புற்ற உள்ளங்கள் வினவுதல் இயல்பு. அவ்வினாவை இகழ்தல் கூடாது. இத்துணைப் பெருமழையை எக்கரையும் தாங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. உடைமை இழந்தோரின் வினைப்பயன் அது என்று கூறுதலும் அன்புடையோர்க்கு அழகன்று. ஆயினும் பேணிய கரைக்கும் பேணாத கரைக்கும் வேற்றுமை உண்டு. தூர்வாரிய காலில் நீர் ஓடும். தூர்ந்த காலில் நீர் ஊருக்குள் புகும். மறுகால் பாயும் வழியிலே மனை எழுப்பினால், வெள்ளம் தன் பழைய வழியைத் தேடி அங்கேயே வரும். வேதசன்மர் வாளா இருந்து வேலியைப் பெற்றாரில்லை. யாசித்தார், பரப்பினார், காக்க ஓடி வந்தார். தம்மால் இயன்றதெல்லாம் செய்தவரின் நெல்லுக்கே இறைவன் வேலியிட்டான்.

வெள்ளத்தில் நிற்கும் கோயில்

வெள்ளத்தோடு வாழும் வகையைக் கல்லிலே காட்டி நிற்பது திருநெல்வேலியை அடுத்த குறுக்குத்துறைச் சுப்பிரமணிய சுவாமி திருக்கோயில். கரையிலே அன்றி ஆற்றின் நடுவிலேயே அமைந்தது அக்கோயில். பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் நீர் உள்ளே புகுந்து கோயிலை மூழ்கச் செய்யும். வெள்ளம் வருவதற்கு முன்னரே உற்சவத் திருமேனியையும் பூசைப் பொருள்களையும் கரைமேலுள்ள மேலைக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். வெள்ளம் வடிந்தபின் சேற்றை அகற்றித் தூய்மை செய்து மீண்டும் பூசை தொடங்குவர். வெள்ளத்தை எதிர்க்கும் திசையில் படகின் முனைபோலச் சுவர் கட்டப்பட்டுள்ளமையால், நீர் இருபுறமும் பிரிந்து செல்கின்றது. அக்கோயிலைக் கட்டியோர் வெள்ளம் வாராது என்று நம்பிக் கட்டினாரல்லர். வரும் என்று அறிந்தே கட்டினர். வருமுன் செய்யவேண்டியதையும் வந்தபின் செய்யவேண்டியதையும் வழக்கமாக்கி வைத்தனர். ஆகவே அக்கோயில் பலமுறை மூழ்கியும் அழியவில்லை.

குடமுழுக்கு விழாவுக்கும் இவ்வுண்மைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கும்பாபிஷேகத்தை ஆவர்த்தம், அநாவர்த்தம், புனராவர்த்தம், அந்தரிதம் என நால்வகையாகக் கூறுவர். அவற்றுள் அநாவர்த்தம் என்பது, நெடுநாள் பூசையின்றியும் ஆற்றுவெள்ளம் முதலியவற்றாலும் சிதைந்த கோயிலைப் புதுப்பித்துச் செய்வது. வெள்ளத்தாற் கோயிலும் சிதையக்கூடும் என்பதை முன்னோர் மறைக்கவில்லை. சிதைந்ததை மீண்டும் எடுத்து நிறுத்துதலையும் ஒரு வழிபாடாகவே வகுத்தனர்.

கோபுரத்தின் உச்சியிலே விளங்கும் கலசங்களில் வரகு முதலிய தானியங்களை நிரப்பிவைத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது மாற்றுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வெள்ளமோ பஞ்சமோ வந்து ஊரின் விதையெல்லாம் அழிந்தாலும் மீண்டும் விதைக்கச் சிறிது தானியம் ஊரின் மிக உயர்ந்த இடத்திலே இருக்கட்டும் என்பதே இதன் கருத்து என்று பெரியோர் விளக்குவர். வேதசன்மர் சந்நிதியிலே பரப்பிய நெல்லும், கலசத்தில் நிரப்பிய வரகும் கூறுவது ஒன்றே: தெய்வத்தின் காவலில் வைத்த தானியம் ஊரின் நாளைய உணவாகும்.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் கோபுரத்தைக் கண்டு மகிழ்கின்றனர். விமானத்தில் வார்க்கும் புனிதநீர் தலையில் தெளிக்கப்பெறும்போது உள்ளம் குளிர்கின்றனர். அப்புனிதநீர் பொருநையின் நீர். அப்பொருநையின் கால்களும் குளங்களும் கோயிலின் திருச்சுற்றைப் போலவே பேணத்தக்கவை. கோயில் தெப்பக்குளத்துக்கு நீர் வரும் வழியைச் சீர்செய்தல், ஊர்க்குளத்தின் கரையில் மண்ணிட்டு உயர்த்துதல், மடைக்குக் கல்லும் கதவும் அளித்தல், மறுகால் வழியில் மனை எழாமற் காத்தல் ஆகிய இவையும் திருப்பணிகளே. இவற்றுக்குக் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பெறாது போகலாம். கன்னடியன் காலை வெட்டுவித்தவர் பெயரையும் நாடு மறந்துவிட்டது. அவர் வந்த நாட்டின் பெயரே காலுக்கு நின்றது. ஆயினும் அக்காலில் ஓடிய நீர் இன்றும் நெல்லாகின்றது.

அடுத்த வறட்சியும் வரும். அதன்பின் பெருமழையும் வரும். அம்மழை பெய்யும் நாளில் கரைகள் உறுதியாகவும் கால்கள் தூய்மையாகவும் இருக்குமாறு, மழையில்லாத நாட்களிலேயே பணிசெய்தல் வேண்டும். அதற்கு நெல்வேலிநாதரும் காந்திமதியம்மையும் அருள் புரிவார்களாக. பருவத்தே மழை பெய்க. பெய்த மழைக்கு வேலி நிற்க. பொருநை நாடு நெல்வளம் பெருகி வாழ்க.